காலண்டர் ஆற்றங்கரையும் காணாமல் போன கையும்

எங்கள் ஊர் போட்டோகிராபர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். அதில் நானும் எழுத வேண்டுமாம். கேட்க வந்த இரண்டு இளைஞர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "ஐயா, அந்தக் காலத்துல ஸ்டூடியோ ஸ்க்ரீன் எல்லாம் நீங்கதான் வரைஞ்சீங்களாமே. மலை, கொளம், மரம் எல்லாம் யார்கிட்டங்க கத்துக்கினீங்க?" என்று கேட்டார்கள். "ஒரு வெள்ளைக்காரர்கிட்ட" என்றேன். இருவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வெள்ளைக்காரரை நான் கண்ணால் கண்டதில்லை என்றும், ஆணியில் மாட்டிவைத்துத்தான் பாடம் படித்தேன் என்றும் சொல்வதற்குள் காபி வந்துவிட்டது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இழை அறுந்தது தெரியாமல் நான் நெய்து முடித்த லுங்கியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த அப்பா, "ஏரியில மீன் புடிக்கறவன் எவனாச்சும் கேப்பான், வெச்சிரு" என்றார். அதற்குப் பிறகு கடைப் பலகை எழுதினேன். பஸ்ஸுக்குள் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' எழுதினேன். அப்படியே நகர்ந்து, அறுபதுகளின் நடுவில், திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். நெகட்டிவில் அம்மைத் தழும்பை அழிப்பது, கறுப்பு வெள்ளைப் படத்தில் கல்யாணப் பெண்ணின் கன்னத்துக்கு ரோஸ் பூசுவது, வந்தவர்களின் விலாசத்தை நோட்டில் எழுதுவது எல்லாம் என் வேலை.

முதலாளி முனிரத்தினம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எதைப் பார்த்தாலும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் பார்ப்பார். வேலை நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். மோசமாக இருந்தால் "பேஷ்" என்பார். அவரிடம் பேஷ் வாங்காமல் ஒரு வாரம் ஓட்டிவிட்டால் எனக்கு வாயெல்லாம் பல்.

அவர் படம் எடுப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மலையில் மொட்டை அடித்துக்கொண்டு இறங்கி வருகிறவர்களுக்குத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும். அப்படியே எடுத்தால் படத்தில் சொறி பிடித்த தலை மாதிரி விழும். அதனால் ஈரத் துண்டால் பழைய சந்தனத்தைத் துடைத்து, கிண்ணத்தில் தயாராகக் கரைத்து வைத்திருக்கும் சந்தனத்தைத் தன் கையாலேயே ஒரே சீராகப் பூசுவார். பூசிய பிறகு இரண்டடி பின்னால் போய் கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் விளக்கைப் போடச் சொல்வார். ஆளுக்குத் தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று ஒரு வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே ஆளுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்த ஸ்க்ரீன் ஒரு அரண்மனை மாடிப்படி. யாரோ மதராசில் வரைந்தது. ஒரு கோடை மழையில் கூரை ஒழுகி, மாடிப்படி கரைந்து, அரண்மனைக்கு வெள்ளம் வந்துவிட்டது. ஆடிக் கிருத்திகைக்கு மூன்று மாதம் இருந்தது. எங்கள் ஊரில் வருஷத்துக்கே படியளக்கிற திருவிழா அதுதான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மலை வேணும். கோபுரம், படி, கொளம் எல்லாம் தெரியணும். உன்னால ஆவுமா? ஆவாதுன்னா இப்பவே சொல்லிடு, மதராசிலேருந்து ஆள் இட்டாந்துக்கறேன். அப்புறம் ரெண்டு ஆளுக்கு இங்க வேலை கெடையாது" என்றார். ஊரில் என் தறிக்குழியை அப்பா இன்னும் மூடாமல் வைத்திருந்தார். "ஆவும்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் வரைந்த மரம் என்று பார்த்தால், ஒரு விறகுக்கடைப் பலகையில் இருந்த மரம் மட்டும்தான்.

இருட்டறைக் கதவில் ஒரு காலண்டர் தொங்கியது. பிலிம் விற்கிற கம்பெனி அனுப்பியது. வருஷம் முடிந்தும் படத்துக்காக விட்டுவைத்திருந்தோம். ஆற்றங்கரை, வரிசையாக ஒல்லி மரங்கள், ஒரு வைக்கோல் போர், மூடுபனிக்குள் ஆரஞ்சுச் சூரியன். கீழே 'இம்ப்ரஷனிஸ்ட் ஆயில் பெயிண்டிங்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. இம்ப்ரஷனிஸ்ட் என்பது வரைந்தவர் பெயர் என்று முதலாளி சொன்னார். அது ஒரு ஓவியப் பாணியின் பெயர் என்று தெரியாமல் நானும் அவரை இம்ப்ரஷனிஸ்ட் துரை என்றே பல வருஷம் மரியாதையாகச் சொல்லிவந்தேன். காட்சி வரையக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அந்த துரையைப் பார்த்துப் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

காலண்டர் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கட்டம் போட்டேன். ஒட்டுப்பலகை ஒன்றில் அதே கணக்கில் பெரிய கட்டம். பெயிண்டுக் கடையில் ஆளிவிதை எண்ணெய் வாங்கி வர்ணப்பொடியைக் குழைத்துக்கொண்டேன். கட்டம் கட்டமாகத் துரை எங்கே என்ன வைத்திருந்தாரோ அங்கே அதை வைத்தேன். எண்ணெய் காய்வதற்குள் காற்று கிளப்பிய புழுதியும் இரண்டு எறும்பும் வேப்பம்பூவும் வந்து ஒட்டிக்கொண்டன. வானத்தில் தூரத்தில் ஒரு கறுப்புப் பறவை இருந்தது. அதன் இறக்கைக்கு மட்டும் ஒரு நாள் செலவழித்தேன். முதலாளி வந்து இரண்டையும் பார்த்தார். விரலை எச்சிலில் தொட்டுக் காலண்டரில் இருந்த பறவையைத் தேய்த்தார். பறவை போய்விட்டது. அது ஈ எச்சமிட்டுவிட்டுப் போன புள்ளி. "பேஷ்" என்றார்.

ஆனாலும் அந்தப் படத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. கிட்டே போய்ப் பார்த்தால் ஆறு ஆறாகவே இல்லை. நீலம் ஒரு திட்டு, பச்சை ஒரு திட்டு, நடுவில் கொஞ்சம் ரோஸ். தள்ளி நின்றால் தண்ணீர் ஓடுகிறது. இது எங்கள் வீட்டு வேலைதானே என்று தோன்றியது. நெடுக்கே போகிற பாவில் சிவப்பும் குறுக்கே போகிற ஊடையில் பச்சையும் ஓட்டினால் சேலை இரண்டுமில்லாத வேறொரு நிறத்தில் மின்னும். தறியில் தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு அது பலகையில்தான் விளங்கியது. வைக்கோல் போரின் நிழல் கறுப்பாக இல்லாமல் ஊதாவாக இருந்ததை மட்டும் நம்ப முடியவில்லை. ஊருக்குப் போயிருந்தபோது சாயங்காலம் ஒரு போரின் முன்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போருக்குச் சொந்தக்காரர் கையில் தடியோடு வந்துவிட்டார்.

"இன்னாடா, அரை மணியா வைக்கோலயே பாத்துக்கினு கீற? கொளுத்தப் போறியா?"

"நெழலு ஊதாவா கீதான்னு பாக்கறேங்க."

அவர் என் அப்பாவிடம் போய், பையனை ஒருமுறை வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிவிட்டார். ஆனால் நிழல் ஊதாவாகத்தான் இருந்தது.

பிறகு காடாத் துணியை இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பூசி, நிஜ ஸ்க்ரீனை ஆரம்பித்தேன். பத்தடி உயரம். முதலாளி பிலிமும் பேப்பரும் வாங்க மதராஸ் போனவர், உறவில் ஒரு கல்யாணம் என்று பத்து நாள் அங்கேயே தங்கிவிட்டார். மேற்பார்வை இல்லாத அந்தப் பத்து நாளில் நான் துரையையே மிஞ்சப் பார்த்தேன். திருத்தணி மலையை ஆற்றங்கரை மாதிரியே மூடுபனியில் வைத்தேன். மலை ஊதாவும் நீலமும், வானம் சாம்பல் நீலம், படிகள் ரோஸ் கோடுகள், கோபுரத்துக்குப் பின்னால் ஆரஞ்சுச் சூரியன், சரவணப் பொய்கையில் அதன் சிவப்பு. எதிர்க்கடைப் பூக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்காலத்தில் துரை என் சிஷ்யர் என்று யாராவது சொல்லிவிடப் போகிறார்கள் என்று கவலைப்பட்டேன்.

ஆடிக் கிருத்திகை அன்று காலையில்தான் முதலாளி வந்து சேர்ந்தார். வாசலில் காவடிகளோடு வரிசை நின்றது. அவர் ஸ்க்ரீனைக் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. பழைய ஸ்க்ரீன் எதுவும் மிச்சமில்லை, வரிசையையும் திருப்பி அனுப்ப முடியாது என்பதால்தான் மனுஷன் வாயைத் திறக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவர் உள்ளே எடுத்துக்கொண்டே இருந்தார். நான் வெளியே மேஜை போட்டு விலாசம் எழுதினேன். படத்தை நாங்கள் தபாலில் அனுப்புவது வழக்கம். எழுதிக்கொண்டே ஒவ்வொருவரிடமும், "ஸ்க்ரீன் எப்படிங்க?" என்று கேட்டேன். ஒருமுறையாவது உள்ளே எட்டி, யார் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கலாம். நான் வாயைப் பிளந்துகொண்டு பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இருட்டறையில் முதல் பிரிண்ட் மருந்துத் தட்டில் மெல்ல மெல்ல எழும்பியது. ஆட்கள் வந்தார்கள். மலை வரவில்லை. நிறத்தில் ஊதாவும் நீலமும் ஆரஞ்சும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றனவே தவிர, வெளிச்சத்தில் எல்லாம் ஒரே அளவு. கறுப்பு வெள்ளையில் மூன்றும் ஒரே சாம்பல் சேறாகிவிட்டன. சூரியனைக் காணோம். படிகள் மட்டும் சுவர் வெடிப்பு மாதிரி அங்கங்கே தெரிந்தன. மொட்டையும் சந்தனமுமாக அத்தனை குடும்பங்களும் மழையில் ஊறிய சுவர் முன்னால் நின்றிருந்தன.

முதலாளி என்னைத் திட்டவில்லை. காலண்டரைக் கழற்றி வந்து விளக்குக்கு முன்னால் நிறுத்தி அதையும் ஒரு படம் எடுத்தார். கழுவி, பிரிண்ட் போட்டு, ஈரத்தோடு என் கையில் கொடுத்தார். அதிலும் சூரியன் இல்லை. ஆறு இல்லை. துரையும் என்னோடு சேர்ந்து சேறாகியிருந்தார். "ரெண்டு பேருக்கும் பேஷ்" என்றார். அவர் கண்ணைப் பாதி மூடுவது தூக்கத்தால் அல்ல, நிறத்தைத் தள்ளிவிட்டு இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் பார்ப்பதற்காக என்பது அப்போதுதான் எனக்குத் தட்டுப்பட்டது.

அந்தப் படங்களை அனுப்ப முடியாது. ஒரே வழி, நெகட்டிவில் ஆளைச் சுற்றி இருக்கிற இடம் முழுக்கச் சிவப்பு மையால் அடைத்துவிடுவது. அடைத்த இடத்தில் வெளிச்சம் போகாது, பிரிண்டில் வெள்ளையாக வரும். மலையைத் தோற்றுவித்தவனே மலையை அழிக்க வேண்டும் என்று உத்தரவு. சாய்வுமேஜையில் கண்ணாடிக்குக் கீழிருந்து வெளிச்சம் வர, மூன்று முடி உள்ள தூரிகையால் தலை தலையாக விளிம்பு கட்டினேன். முடி இருந்தால் அந்த வேலை செத்துப் பிழைக்கிற வேலை. முருகன் புண்ணியத்தில் பாதிப் பேர் மொட்டை. மயில்தோகைக் காவடிகள்தான் என் பிராணனை வாங்கின. மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துத் தபாலில் போட்டோம். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

புரட்டாசியில் ஒரு காலைப் பொழுது, பள்ளிப்பட்டிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். தேவராஜ், சரோஜா. தறி நெய்கிறவர்கள். அந்த அம்மாள் உள்ளே நுழைந்ததும், "இங்க போட்டோவுக்கு மையி பூசறவரு யாருங்க?" என்று கேட்டார். என்னைக் காட்டினார்கள். அவர் மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"என் கை எங்கங்க?"

படத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மொட்டைத் தலைகள். தேவராஜுக்கு இரண்டு கை, சரோஜாவுக்கு ஒன்று.

"ஒரு கை கீதேம்மா" என்றேன் அசட்டுத்தனமாக.

"சாமி எனக்கு ரெண்டு குடுத்துகிறாருங்க."

தேவராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரெண்டு வருசமா இவ நகரியில அவங்க நைனா வூட்லதாங்க இருந்தா. சண்டை. தப்பு என்னுதுதான்."

"அதெல்லாம் எதுக்கு இங்க? கையக் கேளுங்க" என்றார் சரோஜா.

"அப்புறம் ராசியாயிட்டோம். மாமனாரு நம்பலைங்க. ரெண்டு பேரும் ஒண்ணா தணிகை மலை ஏறி மொட்டை போட்டுக்கினு, ஒண்ணா நின்னு போட்டோ எடுத்து அனுப்புங்க, அப்பத்தான் நம்புவேன்னாரு. அனுப்பினோம். இது ரெண்டு போட்டோவ வெட்டி ஒட்டினதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. வெள்ளிக்கிழமை வந்து பொண்ண இட்டுக்கினு போறேன்னு சொல்லி வுட்டுகிறாரு."

"நைனா வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன்? அவரு பேச்ச நான் இதுவரைக்கும் தட்டினதில்லீங்க" என்றார் சரோஜா. அதுவரை கோபமாக இருந்த குரல் அங்கே உடைந்தது.

முதலாளி, "காசு வேணாம்மா, இப்பவே இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றார். சரோஜா முக்காட்டை விலக்கிக் காட்டினார். தலையில் முள்முள்ளாக முடி முளைத்திருந்தது. "இப்ப எடுத்தா இன்னும் சந்தேகப்படுவாரு. அன்னிக்கு எடுத்ததுதான் வேணும்."

கையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். தேவராஜ் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். "முதலாளிதாங்க வெக்கச் சொன்னாரு. முதுகுக்குப் பின்னால கைய வுட்டு இந்தத் தோள் மேல. வரிசையில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. ஆனா இவ கைய எடுக்கல."

எனக்குப் புரிந்துவிட்டது. தோளுக்கு மேல் எட்டிப்பார்த்த நான்கு விரல்களை என் மலைப்படிகள் என்று நினைத்து, விளிம்பு கட்டி, மை அடைத்து, காணாமல் போகச் செய்திருக்கிறேன். இடையில் இருந்த கையை அடிவாரம் என்று நினைத்து வெள்ளையடித்திருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்துப் புருஷன் தோளில் விழுந்த கை அது. முதலாளி என்னைக் கண்ணை முழுசாகத் திறந்து பார்த்தார். வெட்கத்தோடு போய் விலாச நோட்டை எடுத்துவந்தேன்.

விலாச நோட்டின் வரிசைப்படி தேடி நெகட்டிவை எடுத்தோம். "பூசினவன் நீ, நீயே கழுவு" என்றார் முதலாளி. சுத்தமான தண்ணீரில் போட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மையோடு படமும் உரிந்து வந்துவிடும். ஊறிவிட்டால் நெகட்டிவின் மேல்தோல் கூழ் மாதிரி ஆகிவிடும், நகம் பட்டால் போதும், மூக்கு போய்விடும். பஞ்சை நனைத்து, அழுத்தாமல், ஓரத்திலிருந்து தோளை நோக்கி இழுத்தேன். சிவப்பு கரைந்தது. முதலில் என் வெடிப்புப் படிகள் வந்தன. எது படி, எது விரல் என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒருமுறை இழுத்தேன். ஒரு கோட்டின் அடியில் மோதிரம் தெரிந்தது. என் படிகளுக்கு நான் மோதிரம் போட்டதில்லை.

நெகட்டிவ் காய்ந்து பிரிண்ட் வர மத்தியானம் தாண்டிவிட்டது. இருவரும் எதுவும் சாப்பிடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஈரப் படத்தைச் சரோஜா இரண்டு கையாலும் வாங்கினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று விரலால் தொடாமல் எண்ணினார். அப்புறம் அழுதார். அப்புறம் புருஷனைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில்தான் மற்ற இடங்கள் அவர் கண்ணில் பட்டன.

"பின்னால இன்னாங்க இது? பொகை புடிச்ச அடுப்பங்கர செவுரா?"

மூன்று மாதம் துரையிடம் படித்தவன், வைக்கோல் போருக்கு முன்னால் பைத்தியக்காரப் பட்டம் வாங்கியவன், முதலாளி முகத்தைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆங், செவுருதாம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் அவர்கள் அன்றைக்கே நகரி பஸ் ஏறினார்கள். அந்தப் படத்தைப் பெரியவர் நம்புவாரா என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த நாளே முதலாளி ஆறு டப்பாவில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஆறு சாம்பல் கலந்து வைத்து, "இனிமே இதுதான் உனக்கு ஊதா, இதுதான் ஆரஞ்சு" என்றார். அந்த ஆறு டப்பாவில்தான் நான் உத்தியோகம் பார்த்தேன். என் எண்ணெய் ஆற்றங்கரைப் பலகையை, கல்யாணத்துக்குப் பிறகு, என் மனைவி தண்ணீர்த் தவலைக்கு மூடியாக்கிக்கொண்டாள். ஈரம் பட்டாலும் ஒன்றும் ஆகவில்லை என்று அவள் அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டாள். எண்பதுகளில் கலர் பிலிம் வந்து, "இப்ப வரையேன்பா உன் துரை மாதிரி" என்று முதலாளி சொன்னபோது நான் போட்ட மலையும் சாம்பலாகத்தான் வந்தது. அதற்குள் கை பழகிவிட்டிருந்தது.

ஆனால் அது பிற்பாடு. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கே நான் ஆறு சாம்பலில் புது மலை வரைந்து தொங்கவிட்டிருந்தேன். வரிசையில் சரோஜாவும் தேவராஜும் நின்றார்கள். கூடவே தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"எம் பொண்ணு கைய அழிச்சவன் நீதானா?"

"ஆங், நான்தாங்க."

"எனக்குத்தான் கண்ணு செரியில்லன்னு வூட்ல சொல்லிக்கினு இருந்தாங்க. உனக்கும் அப்படித்தானா?" என்று சொல்லிவிட்டு என் முதுகில் ஒரு அறை வைத்தார். நன்றாகவே வலித்தது.

உள்ளே மூவரும் நின்றார்கள். முதலாளி எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே சரோஜா தன் கையைத் தூக்கிப் புருஷனின் தோளில், இந்த முறை முன்பக்கமாக, ஐந்து விரலையும் விரித்து வைத்தார். வைத்துவிட்டு, வாசல் மேஜையில் விலாசம் எழுதிக்கொண்டிருந்த எனக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டார்.

"இப்ப தெரியுதாங்க?"

"தெரியுதும்மா" என்றேன்.

படத்திலும் அது பளிச்சென்று விழுந்தது. பின்னால் என் மலையும் கோபுரமும் படிகளும்கூட ஒன்று விடாமல் விழுந்திருந்தன. பிரிண்டை நேரில் வாங்கிக்கொண்டு போக வந்தபோது மூவரும் அதை வெகுநேரம் பார்த்தார்கள். மலையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.